எஞ்சின் நின்றால் திரும்பாதே

நைனா,

உன் கடிதம் வந்தது. சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். நீயும் உன் சிநேகிதர்களும் பெங்களூரில் சொந்தமாகக் கட்டிய விமானம் தயாராகிவிட்டதாம். அதை முதல்முதலில் நீதான் மேலே கொண்டுபோகப் போகிறாயாம். "எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது, பயப்படாதே அம்மா" என்று எழுதியிருக்கிறாய். யாருக்கடா பயம்? அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். கீழே, "நீ வந்து உன் கையால் சந்தனம் குங்குமம் வைத்தால்தான் கிளப்புவேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய் பார், அதைப் படித்ததும் கையிலிருந்த காபி டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். சத்தம் கேட்டு அப்பா காலை இழுத்துக்கொண்டு வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்தார். துணியை நனைத்துச் சுவரைத் துடைத்தார். துடைத்து முடித்து, "சொல்லிடு, அவனுக்கும் தெரியட்டும்" என்றார். தாத்தாவின் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. இனிமேல் சொன்னால் யாருக்கும் வலிக்காது.

தாத்தா சொன்ன கதை உனக்கு மனப்பாடம். அப்பா ஒரு விமானம் கட்டினார், தாத்தா அதற்குத் திருமண் சாத்தினார், ஆகாயத்தில் எஞ்சின் நின்றுபோயிற்று, அந்த நாமம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. அவர் மடியில் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டிருப்பாய். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன், அது உனக்கு ஞாபகம் இருக்காது. அங்கே போய்த் துவைக்கிற கல்லில் துணியை அடி அடியென்று அடிப்பேன். அந்தக் காலத்தில் நம் வீட்டுத் துணியெல்லாம் சீக்கிரம் கிழிந்ததற்குக் காரணம் சோப்பு இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் பொன்னேரிப் பக்கம் நெல்வயல்காரக் குடும்பத்துப் பெண். எங்களுக்கு ஒரு ரைஸ் மில் இருந்தது. அதன் ஆயில் எஞ்சின் அடிக்கடி படுத்துக்கொள்ளும். மெட்ராஸில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு கிளப்பில் மெக்கானிக்காக இருந்தவரை என் அண்ணன், அதாவது உன் பெரிய மாமா, ரிப்பேருக்குக் கூட்டிவந்தான். அவர்தான் உன் அப்பா. ஊர் திருவள்ளூர், பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குள் போனார்கள், இவர் மட்டும் எஞ்சினுக்குள் போனார். கிளப்பில் வேலை செய்துகொண்டே ஓட்டவும் கற்று, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தார். அவர் எஞ்சினைப் பிரித்தபோது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள் நான். அதற்குமேல் உனக்கு விவரம் வேண்டாம்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. நான் ஏறிவிட்டேன், அவரும் ஏறிவிட்டார். அப்போது அவருடைய ஒற்றைச் செருப்பு கழன்று கீழே விழுந்தது. அந்த மனிதர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததோடு விடாமல் அதை எடுக்க இறங்கினார். ஒரு செருப்புக்காக! உன் மாமா சைக்கிள் செயினோடு வந்து சேர்ந்ததும் அந்த நேரத்தில்தான். முதுகில் விளாசு விளாசென்று விளாசினான். கீழே தள்ளி வாயில் மிதித்ததில் முன்பல் ஒன்று உடைந்து பிளாட்பாரத்தில் போய் விழுந்தது. நான் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து, கையிலிருந்த டிரங்குப் பெட்டியை அண்ணன் மண்டையில் போட்டேன். பெட்டியும் நசுங்கிற்று, மண்டையும் உடைந்தது. அவன் கண்ணில் ரத்தம் இறங்கிக்கொண்டிருக்க, நாங்கள் அடுத்த ரயிலைப் பிடித்தோம்.

திருவள்ளூரில் தாத்தா எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். கையிலிருந்த பித்தளைச் சொம்பை என்மேல் வீசினார். என் நெற்றித் தழும்பைக் கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், இல்லையா? அது அந்தச் சொம்பு. அப்புறம் எங்கள் எதிரிலேயே ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தனக்குப் பிள்ளை இல்லை, தலைமுழுகியாயிற்று என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். என் முகமெல்லாம் ரத்தம், இவரோ அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தேன். ரயிலடி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். உன் அப்பாவுக்கு அது ஒரு வியாதி. விட்டுவிட்டு வந்ததைத் திரும்பிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் அப்போது புதிதாக ஃபாக்டரிகள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு ஒன்றில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே மூடிக்கிடந்த மில் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். பாதியில் குடித்தனம், பாதியில் விமானம். கிளப்பில் கழித்துக்கட்டிய ஒரு சின்ன எஞ்சினை வாங்கிவந்தார். உடம்புக்கு இரும்புக் குழாய், இறக்கைக்கு மரச்சட்டம், அதன்மேல் துணி. பொதட்டூர்பேட்டைத் தறியிலிருந்து வந்த துணியை நான்தான் இறக்கைக்குத் தைத்து, டோப் என்கிற நெடியடிக்கும் வார்னிஷைப் பூசி இறுக்கினேன். நீ பிறந்து தவழ்ந்ததெல்லாம் அந்த இறக்கைக்கு அடியில்தான். உன் மாமாவுக்கு இந்தச் செய்தி போயிருக்கிறது. தங்கையைக் கொண்டுபோனவன் இப்போது அவளைப் பொம்மை செய்ய வைத்துக்கொண்டு ஊர்சிரிக்க வாழ்கிறான் என்று யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஒரு நாள் பொழுதுசாயும் நேரத்தில், நன்றாகக் குடித்துவிட்டு, கையில் மண்ணெண்ணெய் டின்னோடு வந்து நின்றான். கொட்டகையைக் கொளுத்தப்போகிறேன் என்றான். நான் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வாசலை மறித்தேன். அவன் என் தலைமயிரைப் பிடித்தான், நான் அவன் தோளில் ஒன்று வைத்தேன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கொட்டகைக்குள்ளேயே போய் விழுந்தோம். மல்லாந்து கிடந்தவன் மேலே பார்த்தான். தலைக்கு நேராக வெள்ளை இறக்கை. என் தலைமயிரை விட்டுவிட்டான்.

"இன்னாம்மே இது? மெய்யாலுமே பறக்குமா?" என்றான்.

"நீ கொளுத்தாம இருந்தா பறக்கும்" என்றேன்.

மறுநாளிலிருந்து அவன் எங்கள் ஆள். முன்னால் இருக்கும் காற்றாடியைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும், அந்த வேலையை அவன் எடுத்துக்கொண்டான். ஒரு நாள் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்ததில் காற்றாடி அவன் வலது கை விரல்கள் இரண்டை முறித்துப் போட்டது. எலும்பு வெளியே தெரிந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு, உன் அப்பாவின் பல்லுக்கு இது சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கட்டு உலர்வதற்குள் இடது கையால் சுழற்ற வந்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் மன்னிப்பு கேட்பதெல்லாம் இப்படித்தான்.

விமானத்தைத் தயார்ப்படுத்துவது என் பொறுப்பு. எப்படிச் செய்தேன் என்று கேட்டுக்கொள், உன் "எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது" என்ன லட்சணம் என்று அப்புறம் பார்க்கலாம். மூக்கிலிருந்து ஆரம்பித்து, பிரகாரம் சுற்றுகிற மாதிரி வலமாக ஒரு சுற்று வருவேன். கண்ணால் பார்ப்பது கணக்கே இல்லை. ஒவ்வொரு போல்ட், ஒவ்வொரு கம்பி, ஒவ்வொரு கீல், எல்லாவற்றிலும் விரல் பட வேண்டும். சுற்று முடிந்ததும் காற்றாடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவேன். கட்டிவிட்டால் அப்புறம் யாரும் விமானத்தைத் தொடக்கூடாது. தொட்டால் முதலிலிருந்து மறுபடி சுற்று. உன் மாமா ஒரு தடவை பீடி பற்றவைக்க இறக்கையில் சாய்ந்தான், அண்ணன் என்றும் பார்க்காமல் கன்னத்தில் விட்டேன். அனுமதி தருவதற்குச் சோதிக்க வந்த ஆபீசர் போகிற போக்கில் வாலைத் தட்டிக் கொடுத்தார். அவரை அடிக்க முடியாது, அதனால் அவர் எதிரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். அந்த மனிதர் கடைசி வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சுற்றில் ஒரு சின்னச் சாமானைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டாங்க், விமானத்தை ஓட்டுகிறவருக்கு முன்னால், காற்றை மறைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் மூடி மேலே மேடாகத் தெரியும். மூடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. மண்ணெண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் கொட்டிவிட்டு நின்றுவிடும், பார்த்திருக்கிறாய் இல்லையா? காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். அந்தத் துளை அதற்குத்தான், அது அடைத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. ஒவ்வொரு சுற்றிலும் அதில் வாயை வைத்து ஊதிப் பார்ப்பேன்.

விமானத்தை நான் தயார்ப்படுத்தினேன், சரி. ஓட்டுகிறவரை யார் தயார்ப்படுத்துவது? கிளப்பில் இருந்தபோது ஒரு பையன் செத்ததை அப்பா கண்ணால் பார்த்திருக்கிறார். கிளம்பிக் கொஞ்ச உயரம் போனதும் எஞ்சின் நின்றுவிட்டது. அவன் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம் என்று திரும்பியிருக்கிறான். தாழ்வாக, வேகமில்லாமல் திரும்பினால் இறக்கையில் காற்று பிடிக்காது, கல்லாட்டம் விழும். அப்படித்தான் விழுந்தான். எதிரே என்ன இருந்தாலும் நேரே இறங்கினால் கை கால் போகும், உயிர் இருக்கும். திரும்பினால் உயிர் போகும். இதை எனக்குச் சொல்லிவிட்டு, அப்பாவே போய்ப் புளியவிளார் ஒன்றை ஒடித்து வந்து என் கையில் கொடுத்தார். "நான் திரும்பற ஜாதி. நோக்கு தெரியும். அடிச்சு மாத்து" என்றார்.

அடித்தேன். விமானத்திலேயே உட்காரவைத்து, என் பழைய புடவைக் கிழிசலால் கண்ணைக் கட்டிவிட்டு, எதிர்பாராத நேரத்தில் "நின்னுச்சு" என்று கத்துவேன். மூக்கைக் கீழே இறக்க வேண்டும், பெட்ரோலை மூட வேண்டும், சுவிட்சை அணைக்க வேண்டும், நேரே போக வேண்டும். கையோ காலோ திரும்புகிற பக்கம் போனால் முட்டியில் சுளீரென்று ஒன்று. சாப்பிடும்போது கத்துவேன், ஷேவ் செய்யும்போது கத்துவேன், ஃபாக்டரிக்குச் சைக்கிளில் ஏறும்போது கத்துவேன். சோற்றுக் கையோடு மூக்கை இறக்குவார். விரல் முட்டியெல்லாம் வீங்கி, ஃபாக்டரியில் கேட்டதற்கு மெஷினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறார். ஒரு தடவை வலி தாங்காமல் விளாரைப் பிடுங்கி என்னைத் திருப்பி அடித்தார். நான் அவரை அறைந்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க நின்றோம். அப்புறம் அவரே கண்ணைக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் செத்துப்போவார் என்று எனக்கு பயம். அந்த பயத்தைத்தான் அடித்தேன். அடி வாங்கியது அவர் கை.

சோழவரத்தில் யுத்த காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் ஒன்று இருந்தது. இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே வைத்து மாட்டினோம். அன்று விடிந்ததும் நான் என் சுற்றை முடித்து, துளையில் ஊதிப் பார்த்து, சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன். அப்பா ஏறி உட்காரத் தயாராக நின்றார். அப்போது ஓடுதளத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு வயதான மனிதர் நடந்து வந்தார். கட்டுக்குடுமி, உடம்பில் பன்னிரண்டு திருமண், கையில் பித்தளைச் சொம்பு. அதே சொம்பு. உன் மாமாதான் எங்களிடம் சொல்லாமல் திருவள்ளூர் போய் அவரிடம் சொல்லியிருக்கிறான். தாத்தா பிள்ளையின் பக்கம் திரும்பவில்லை, நேராக என் எதிரில் வந்து நின்றார். என் நெற்றித் தழும்பைப் பார்த்தார்.

"மாட்டுப்பொண்ணே, திருமண் சாத்தாம இதைக் கிளப்பப்படாது" என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "தொட்டா அடிப்பியாமே. நான் தொடலாமோ?"

மருமகள் என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "தொடுங்க மாமா" என்றேன்.

விமானத்துக்கு நெற்றி எங்கே என்று தேடினார். காற்றாடிக்குப் பின்னால், கண்ணாடிக்கு முன்னால் மேடாக இருந்த அந்த மூடிதான் அவர் கண்ணுக்கு நெற்றியாகத் தெரிந்தது. சொம்புத் தண்ணீரில் திருமண்ணை உள்ளங்கையில் குழைத்து, அடியில் நாமத்துக்குப் பாதம் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்து, நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம் தீட்டினார். கை நடுங்காமல், கோயிலில் பெருமாளுக்குச் சாத்துகிற மாதிரி நிதானமாகச் சாத்தினார். பாதத்துக்கு வைத்த மண் தடிமனாக மூடியின் மேல் உட்கார்ந்தது. அப்பா வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அப்படியே தகப்பன் காலில் விழுந்தார். இரண்டு பேரும் அழுதார்கள். என் சட்டப்படி நான் மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். சுற்றினேன், நைனா. மூக்கிலிருந்து வால் வரைக்கும் எல்லாவற்றையும் விரலால் தொட்டேன். மூடிக்கு வந்தபோது மட்டும் கை நின்றுவிட்டது. அதை ஊதிப் பார்க்க வேண்டுமென்றால் நாமத்தைத் துடைக்க வேண்டும். அத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த மனிதர் சாத்திய ஈர நாமத்தை, அவர் பார்த்துக்கொண்டிருக்க, நான் துடைப்பதா? கும்பிட்டுவிட்டுத் துணியைக் கட்டிவிட்டேன்.

உன் மாமா துணியை அவிழ்த்துவிட்டுச் சுழற்றினான், எஞ்சின் பிடித்தது. ஓடி, தாவி, விமானம் தரையை விட்டது. நான் தைத்த துணி ஆகாயத்தில் போயிற்று. பனைமரங்களுக்கு மேலே போயிற்று, இன்னும் மேலே போயிற்று. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் மண் காய்ந்து இறுகியிருக்க வேண்டும். எஞ்சின் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, நின்றுவிட்டது. அந்த நிசப்தம் மாதிரி ஒரு கொடுமையை நான் அதற்கப்புறம் அனுபவித்ததில்லை. இடது இறக்கை சாய்ந்தது. திரும்பப் பார்க்கிறார்! அத்தனை வருஷம் பார்க்காத தகப்பன் இங்கே நிற்கிறார், பெண்டாட்டி இங்கே நிற்கிறாள், செருப்புக்கே திரும்புகிற மனிதர் திரும்பாமல் என்ன செய்வார்? "நின்னுச்சு யா, நின்னுச்சு, நேரா போ" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடினேன். அவர் காதில் விழாது என்று தெரியும். சாய்ந்த இறக்கை நடுங்கியது. அப்புறம் மெல்ல நிமிர்ந்தது. மூக்கு கீழே இறங்கியது. நேரே போய், ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் கதிர் முற்றிய நெல்வயலில் விழுந்தது.

சக்கரம் வரப்பில் அடித்துப் பிய்ந்து பறந்தது. ஒரு இறக்கை முறிந்து மடங்கியது, காற்றாடி சில்லுச் சில்லாகத் தெறித்தது, மூக்கு சேற்றில் குத்தி வால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பெல்ட்டில் முன்பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி கிழித்து முகமெல்லாம் ரத்தம், வலது காலை இரும்புக் குழாய்கள் நசுக்கிப் பிடித்திருந்தன. பெல்ட்டைக் கழற்றக் கையை நீட்டினேன். கண்ணைத் திறக்காமலே, வீங்கிய விரல்களை வெடுக்கென்று மார்புக்குள் இழுத்துக்கொண்டார்.

"அடிக்காத. திரும்பல. நான் திரும்பல" என்றார்.

நைனா, இதை எழுதும்போது கை ஓடவில்லை. கொஞ்சம் இரு.

அதற்குள் வயல்காரன் அரிவாளோடு ஓடிவந்துவிட்டான். கெட்ட வார்த்தையில் வைதுகொண்டே உன் மாமாவை வெட்ட ஓங்கினான். நான் சேற்றில் கிடந்த காற்றாடித் துண்டை எடுத்து அவன் முழங்கையில் அடித்தேன், அரிவாள் தண்ணீரில் விழுந்தது. "அறுக்கப்போற பயிர்மே, ஊட்டுக்கு இன்னாத்த எடுத்துக்கினு போவேன்?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் கேட்டது நியாயம்தான். பிற்பாடு பொன்னேரியில் எங்கள் வீட்டு நெல்லைக் கொண்டுபோய் அவன் களத்தில் கொட்டினேன். அப்போது எனக்கு நியாயம் பார்க்க நேரமில்லை. பெட்ரோல் ஒழுகித் தீப்பிடிக்குமோ என்று டாங்க்கைப் பார்த்தேன். மூடியும் அதன்மேல் நாமமும் அப்படியே இருந்தன, ஒரு கீறல் இல்லாமல். நகத்தால் அந்த மண்ணைச் சுரண்டினேன். துளை உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

அந்தச் சத்தம் உன் மாமாவுக்கும் கேட்டது. எஞ்சினோடு புழங்கியவன், சொல்லாமலே புரிந்துவிட்டது. சேற்றில் விழுந்து எழுந்து தாத்தா அப்போதுதான் வந்துகொண்டிருந்தார். மாமா பாய்ந்துபோய் அவர் குடுமியைப் பிடித்து, கழுத்தை நெரிக்கக் கையை வைத்தான். காற்றாடித் துண்டு இன்னும் என் கையில் இருந்தது. அவன் முதுகிலேயே போட்டேன், மரம் இரண்டாகப் பிளந்தது. "வாயத் தொறந்தே, இன்னோரு கையையும் ஒடிச்சிடுவேன்" என்றேன். அவன் ஆட்டைத் திருடியவன் மாதிரி முழித்துக்கொண்டு நின்றான். நான் திரும்பி வந்து முந்தானையால் மூடியை அழுத்தித் துடைத்தேன். காலையில் துடைக்க வராத கை அப்போது நன்றாகத் துடைத்தது. தாத்தா தட்டுத்தடுமாறி வந்து, உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பார்த்தார், வெறும் மூடியைப் பார்த்தார்.

"நாமம் அழிஞ்சுடுத்தே" என்றார்.

"புள்ளைய காப்பாத்திட்டு அழிஞ்சுடுச்சு மாமா" என்றேன்.

அவர் அந்தச் சேற்றிலேயே விழுந்து சேவித்தார். தாத்தா உனக்குச் சொன்ன கதை அங்கே பிறந்தது, பெற்றவள் நான். ஆஸ்பத்திரியில் கால் எலும்பை வைத்துக் கட்டிய பிறகு அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிடாதே" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அந்தக் கால் சரியாகவே இல்லை, அவர் மறுபடி பறக்கவும் இல்லை. தாத்தா வந்து வந்து போனார், என் கையால் சாப்பிட்டார், உன்னை மடியில் வைத்துக்கொண்டு நாமம் காப்பாற்றிய கதையைச் சொன்னார். "நீங்க போட்ட மண்ணுதான்யா உங்க புள்ள கால ஒடிச்சுது" என்று என் நாக்கின் நுனி வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு கொல்லைக்குப் போவேன். என் வாழ்க்கையில் நான் யாரையும் அடிக்காமல் விட்டது அந்த மனிதர் ஒருவரைத்தான். அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அதில் எனக்கு வருத்தமே கிடையாது.

அன்றைக்கு உன் அப்பாவைக் கொல்லப் பார்த்தது விரோதம் இல்லை. சைக்கிள் செயினோடு வந்தவனிடமும் டின்னோடு வந்தவனிடமும் நான் ஜாக்கிரதையாக இருந்தேன். ஆசையாகத் தொட வந்த கையை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அதனால் சொல்கிறேன், கேள். நான் வருவேன். சந்தனமும் குங்குமமும் கொண்டுவருவேன். எங்கே வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது, பெற்றவள் கை, கண்ட இடத்திலும் வைக்கும். வைக்க விடு. நான் தள்ளிப்போய் நின்றதும் நீ ஒரு துணியை எடுத்து, நான் பார்க்கப் பார்க்க, எல்லாவற்றையும் துடை. துளை என்று எது இருந்தாலும் அதில் வாயை வைத்து ஊது. மூக்கிலிருந்து மறுபடி ஒரு சுற்று வா. என் முகம் சுருங்கினால் சுருங்கட்டும், நீ என் முகத்தைப் பார்க்காதே.

ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பி வருகிறேன். புளியவிளார் ஒன்று வெட்டி எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். உன் சிநேகிதர்கள் எதிரில் மானம் போகிறதே என்றெல்லாம் பார்க்காதே, கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார். பள்ளிக்கூடம் போகும்போது தெருமுனையில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளை நீ. அப்பாவின் வியாதி உனக்கும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கும், அதுதான் எனக்குக் கவலை. சுகமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அப்பா தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னார். அவர் வரமாட்டாராம், தூரத்தில் சத்தம் நின்றால் தாங்காது என்கிறார்.

மேலே போய் எஞ்சின் நின்றால் என்னைத் தேடாதே. நான் கீழே நின்று என்ன கத்தினாலும் திரும்பாதே. மூக்கை இறக்கு, எதிரே எது இருக்கிறதோ அதில் நேராக இறங்கு. யார் வயல், யார் பயிர் என்று பார்க்காதே. வயல்காரன் அரிவாளோடு வந்தால் வரட்டும். அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா